பாப்பாவுக்கு வீட்டிலேயே இன்சுலின் ஊசி: முதல் நாளிலிருந்து முழு வழிகாட்டி

எங்கள் பாப்பாவுக்கு ஒரு வயது பத்து மாதம் இருக்கும்போது டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய பத்து நாட்களாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். ராத்திரியில் பாயெல்லாம் நனைந்தது. வாசலில் அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. வெயில் காலம், அதனால்தான் தாகம் என்று நினைத்தோம். கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் அக்கா என் கையில் ஊசியைக் கொடுத்து, "இனிமே நீங்கதான் போடணும்" என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி என்றால் வருடத்துக்கு 730. இப்போது அவளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதை, நேற்று வீட்டுக்கு வந்த ஒரு தாய்க்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

எத்தனை யூனிட், எந்த இன்சுலின், எந்த நேரம் என்பதை உங்கள் பிள்ளையைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதை நான் சொல்லமாட்டேன், பக்கத்து வீட்டார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவர் சொன்ன அளவை வீட்டில் சரியாகவும் பிள்ளை பயப்படாமலும் எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஊசி. 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே கோடுகளின் கணக்குதான் வேறு.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் "10" என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே வருவது 4 யூனிட்தான். பிள்ளைக்குப் பாதிகூடப் போகாது, சர்க்கரை ஏறும். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் "10" கோடு வரை எடுத்தால் 25 யூனிட் போய்விடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கு முதலாவது நடந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் ஊசி தீர்ந்துபோய், ஒரு மருந்துக் கடையில் கேட்டபோது சிவப்பு மூடி இல்லை, இதுவும் இன்சுலின் ஊசிதான் என்று ஆரஞ்சு மூடியைக் கொடுத்தார்கள். மூன்று நாள் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவே இல்லை. சாப்பாட்டில்தான் தப்பு என்று பிள்ளைக்குக் களியைக் குறைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் அக்கா என் பையைத் திறந்து ஊசியைப் பார்த்ததும் கண்டுபிடித்தார்.

அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது காலியான குப்பியையும் பழைய ஊசியின் மூடியையும் கையோடு எடுத்துப்போகிறோம். குப்பியில் "40" என்றிருந்தால் ஊசியின் உடலிலும் "40" என்று அச்சிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஊசியின் நீளத்தையும் கேளுங்கள். இன்சுலின் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பில் இறங்க வேண்டும், தசைக்குள் போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்குக் கொழுப்பு மெல்லிசு. 8 மில்லிமீட்டர் ஊசி தசைவரை போய்விடும். சிரிஞ்சில் 6 மில்லிமீட்டர் போதும், இன்சுலின் பேனாவில் (மருந்து உள்ளேயே இருக்கும், அளவைத் திருப்பிப் போடும் கருவி) 4 மில்லிமீட்டர்.

பேனா நல்லதா, சிரிஞ்சு நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட். குழந்தைக்கு ஒன்றரை யூனிட் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் கண்ணால் அளக்க வேண்டியதாகிறது, அது தினமும் ஒரே மாதிரி வராது. அரை யூனிட் கணக்கில் திருப்பும் பேனா இருக்கிறது. அளவு அரை யூனிட்டில் வரும்போது அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் ஒரு வருடம் கழித்துப் பேனாவுக்கு மாறினோம். ஆனால் சிரிஞ்சில் நன்றாகக் கற்றுக்கொண்டால் அதிலும் குறையில்லை. ஒன்று மட்டும்: பேனாவுக்குள் இருக்கும் மருந்து 100 யூனிட் வீரியம். பேனா கெட்டுவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் மருந்தை உறிஞ்சாதீர்கள்.

மருந்தை வைக்கும் இடம்

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கமோ கீழ்த் தட்டோ சரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைக்காதீர்கள். அங்கே மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், வேலை செய்யாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

திறந்த குப்பியின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். பலவற்றுக்கு 28 நாள்தான் கணக்கு. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். 40 யூனிட் வீரியத்தில் 10 மில்லிலிட்டர் குப்பி என்றால் உள்ளே 400 யூனிட் இருக்கிறது. ஒரு நாளைக்கு 6 யூனிட் போடும் குழந்தைக்கு 28 நாளில் 168 யூனிட்தான் செலவாகும். பாதிக்கு மேல் மீந்துவிடும். மருந்தைக் கொட்ட மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் வீரியம் குறைந்த மருந்தைப் போட்டுவிட்டு, ஏன் சர்க்கரை ஏறுகிறது என்று தவிப்பதைவிட அது மேல்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடும், மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊரும் நம் பக்கம் நிறைய. அதற்கு மண்பானை கைகொடுக்கும். ஒரு பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஆற்று மணலை நிரப்பி, மணலைத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள். மருந்தை இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும். நம் ஊரின் வறண்ட காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால் பானை நன்றாகக் குளிரும். மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது. புழங்கும் குப்பிக்கு இது போதும். மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும் குப்பிகளுக்குப் போதாது. எங்களிடம் ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் ஏப்ரல், மே மாதங்களில் பானையை ஈரமாக வைத்திருக்கிறோம்.

பஸ்ஸிலோ வண்டியிலோ போகும்போது வண்டியின் டேங்க் கவரில் மருந்தை வைக்காதீர்கள், வெயிலில் அது அடுப்பாகிவிடும். ஈரத்துணி சுற்றிய டப்பாவோடு, உங்கள் மடியில் இருக்கும் பையில் வையுங்கள்.

மருந்தை எடுப்பது

பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஊசியைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தால் அந்த ஐந்து நிமிடமும் பிள்ளைக்குப் பயம்தான். நான் அடுப்படியில் நின்று எடுப்பேன். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்துப் போட்டால் குளிர்ந்த மருந்து எரியும், அதனால் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுவேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, முதலில் குப்பியின் பெயரைப் படியுங்கள். பழகிய கைதான் தப்புப் பண்ணும், அதனால் தினமும் படியுங்கள். தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, துகள் மிதந்தாலோ வேண்டாம். பால்போல இருக்கும் மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, மத்து உருட்டுவதுபோல் மெதுவாக ஒரு இருபது தடவை உருட்டுங்கள். குலுக்கக் கூடாது, நுரை வந்துவிடும். அளவு தப்பிப்போகும்.

குப்பியின் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய விடுங்கள். எத்தனை யூனிட் வேண்டுமோ அத்தனை காற்றை ஊசியில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்துங்கள். அப்புறம் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஊசிமுனை மருந்துக்குள் மூழ்கியிருக்க, மெதுவாக இழுங்கள். காற்றுக்குமிழி தெரிந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றித் திரும்பக் குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு, குறைந்ததை மறுபடி இழுங்கள். குமிழி உடம்புக்குள் போனால் ஆபத்து என்று பயப்படுகிறார்கள். தோலுக்கடியில் போடும் ஊசியில் பயம் அதுவல்ல. குமிழி இருந்த இடத்தில் மருந்து இல்லை என்பதுதான் பிரச்சினை. இரண்டு யூனிட் போடும் குழந்தைக்கு ஒரு சின்னக் குமிழியே பெரிய வித்தியாசம்.

தெளிவான மருந்தையும் பால்போன்ற மருந்தையும் ஒரே ஊசியில் கலக்கச் சொல்லியிருந்தால் வரிசை முக்கியம். பால் மருந்துக் குப்பிக்குள் காற்று, தெளிவான மருந்துக் குப்பிக்குள் காற்று, பிறகு தெளிவானதை எடுப்பது, கடைசியில் பால் மருந்து. மாற்றினால் பால் மருந்து தெளிவான குப்பிக்குள் கலந்து அந்தக் குப்பியே கெட்டுப்போகும். கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினை எதனோடும் கலக்கக் கூடாது. அதற்குத் தனி ஊசி.

பேனா என்றால் ஒவ்வொரு முறையும் புது ஊசியை மாட்டி, இரண்டு யூனிட் திருப்பிக் காற்றில் அழுத்திப் பாருங்கள். முனையில் ஒரு துளி வந்தால்தான் உள்ளே வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள்.

எடுத்த பிறகு வீட்டில் இன்னொருவரிடம் காட்டி எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். "எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். "மூணுதானே?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

பொட்டு வைக்கும் பொம்மை

தினமும் ஒரே இடத்தில் போட்டால் அங்கே தோலுக்கடியில் மெத்தென்று கட்டி உருவாகும். அந்த இடத்தில் வலி குறைவு என்பதால் பிள்ளையே அந்த இடத்தைக் காட்டும், நமக்கும் அங்கேயே போடத் தோன்றும். ஆனால் கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. இன்றைக்குக் குறைவாக, நாளைக்கு மொத்தமாக என்று இஷ்டத்துக்கு இறங்கும். சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது என்றால் முதலில் ஊசி போடும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கட்டி தெரிந்தால் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யக்கூடும்.

சின்னப் பிள்ளைக்கு நல்ல இடங்கள்: தொடையின் மேல்பாதி வெளிப்புறம், புட்டத்தின் மேல் வெளிப்பகுதி. வயிற்றில் கொழுப்பு இருந்தால், தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு. கையின் பின்புறம் மெலிந்த பிள்ளைக்கு வேண்டாம், தசையில் இறங்கிவிடும். நேற்றுப் போட்ட இடத்துக்கும் இன்றைக்குப் போடும் இடத்துக்கும் ஒரு விரல் அகலமாவது தள்ளி இருக்கட்டும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் நாங்கள் திணறினோம். அப்போது என் மாமியார் ஒரு யோசனை சொன்னார். பழைய காலண்டரின் அட்டையில் ஒரு பொம்மையை வரைந்து, ஒவ்வொரு ஊசிக்கும் பொம்மையின் அதே இடத்தில் பாப்பாவே ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டுவாள். காலைக்குச் சிவப்பு, ராத்திரிக்குக் கறுப்பு. எங்கே போட்டோம், எங்கே இன்னும் போடவில்லை என்று ஒரே பார்வையில் தெரிகிறது. அதைவிடப் பெரிய லாபம், ஊசி முடிந்ததும் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அழுகை பாதியில் நின்று, பொட்டு அட்டையைத் தேட ஆரம்பிக்கிறாள்.

பிடித்துக்கொள்வது, போடுவது

ஆரம்பத்தில் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துப் போட்டோம். பத்து நாளில் அவள் கட்டிலையே பார்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். மல்லாக்கப் படுத்திருக்கும்போது பிள்ளைக்கு எதுவும் தன் கையில் இல்லை என்ற பயம் வருகிறது. பிறகு நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்தபடி மாற்றினோம்.

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையைத் தன்னைப் பார்த்தபடி மடியில் உட்கார வைத்து, மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் இரண்டு காலும் அவருடைய இடுப்பின் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு கை முதுகில், இன்னொரு கை ஊசி போடப்போகும் காலின் முட்டிக்கு மேல். அமுக்க வேண்டாம், திடீரென்று உதைக்காமல் இருக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சுவதுபோல் இருக்கும், பிடித்திருப்பதுபோல் தெரியாது. போடுபவர் பக்கவாட்டில் உட்கார வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பால் குடிக்கும்போதே போடலாம், வலி நிஜமாகவே குறையும்.

தோல் சுத்தமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். ஸ்பிரிட் தடவினால் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு குத்தினால்தான் எரிச்சல்.

கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரலாலும் தோலை மெதுவாகத் தூக்குங்கள். முழுக் கையால் கொத்தாகப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். 4 மில்லிமீட்டர் பேனா ஊசியை, தூக்கிய மடிப்பில் நேராகக் குத்துங்கள். 6 மில்லிமீட்டர் சிரிஞ்சு என்றால் சாய்வாக, 45 டிகிரியில். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும், சட்டென்று உள்ளே போய்விட வேண்டும். பிறகு மருந்தை நிதானமாக அழுத்துங்கள். முழுவதும் அழுத்தியதும் பத்து வரை எண்ணி, ஊசியை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தூக்கிய தோலை விட வேண்டும். எண்ணுவதற்கு முன் எடுத்தால் மருந்து வெளியே கசியும்.

போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்தாலும், வெந்நீர் ஊற்றினாலும் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். நம் வீடுகளில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, காலை நீவிவிட்டு, வெந்நீரில் குளிப்பாட்டும் பழக்கம் உண்டு. அதை ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிள்ளை உதைத்து ஊசி பாதியில் வெளியே வந்துவிட்டதா? எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது மறுபடி போடாதீர்கள். இதில் என் பிடிவாதம் அதிகம். குறைவாகப் போனால் சர்க்கரை ஏறும், அதைப் பிறகு சரிசெய்யலாம். இரட்டையாகப் போனால் தாழ்ந்துவிடும். அடிக்கடி சர்க்கரையைப் பாருங்கள், டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.

இரட்டை ஊசி எங்கள் வீட்டில் மயிரிழையில் தப்பியது. ஒரு சாயங்காலம் நான் மாட்டுக்கொட்டகையில் இருந்தபோது அவர் ஊசியைப் போட்டுவிட்டார். நான் உள்ளே வந்து, தெரியாமல் மறுபடி மருந்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அப்பா போட்டாச்சு" என்றாள் பாப்பா. இரண்டரை வயது. அன்றைக்கு ராத்திரியே தினசரி காலண்டரை அடுப்படிக்கு மாற்றினோம். போட்டவர் அந்தத் தாளிலேயே நேரம், யூனிட், இடம், அப்போதிருந்த சர்க்கரை நான்கையும் எழுத வேண்டும். எழுதாமல் ஊசியைக் கீழே வைக்கக் கூடாது. கிழித்த தாள்கள் ஒரு டப்பாவில் சேர்கின்றன. டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவைத்தான் எடுத்துப்போகிறோம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

"சாப்பிடலைன்னா ஊசி போட்டுடுவேன்." இதைச் சொல்லாத வீடு நம் பக்கம் உண்டா? ஊசி போடும் வீட்டில் இது ஒரு நாளும் வரக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் மிரட்டல். நம் பிள்ளைக்கு ஊசி என்பது சோறுபோலத் தினமும் வரப்போவது. அதைத் தண்டனை என்று நினைத்துவிட்டால், தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் தினமும் குத்துகிறார்கள் என்று அது நம்பும். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளை முன்னால் "ஐயோ பாவம், இந்த வயசுலேயே" என்று உச்சுக்கொட்டுபவர்களை நான் நேரடியாகவே வெளித் திண்ணைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

பொய்யும் வேண்டாம். "வலிக்கவே வலிக்காது" என்று சொன்னால் ஒரு தடவைதான் நம்பும். "எறும்பு கடிக்கிற மாதிரி" என்று நான் சொல்லிப் பழகினேன். இரண்டு வாரம் கழித்து, வாசலில் எறும்பைப் பார்த்தாலே அலறி ஓடிவந்தாள். இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: "கண்ணு, ஊசி நேரம். சுருக்குன்னு இருக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்." அப்புறம் ஒரு கேள்வி: "எந்தத் தொடை?" போடலாமா என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றால் நம்மால் கேட்க முடியாது. எந்தப் பக்கம், யார் மடி என்பது அவள் முடிவு. அதை மாற்றாமல் நடத்துங்கள்.

எண்ணுவதை உரக்க எண்ணுங்கள். முடிவு எப்போது வரும் என்று தெரிந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். முதலில் ஊதல் ஊத வைத்தோம், ஊதும்போது மூச்சு வெளியே போவதால் உடம்பு இறுகாது. ஊசி மாட்டாத காலி சிரிஞ்சைக் கொடுத்து, அவளைத் தன் துணிப் பொம்மைக்குப் போடச் சொன்னோம். ஒரு மாதம் அந்தப் பொம்மை பட்ட பாடு அதிகம், ஆனால் அதில் அவள் பயம் நிறையக் கரைந்தது.

தூங்கும்போது போடலாமா? சிலர் போடுகிறார்கள், ராத்திரி ஊசிக்கு அது ஒத்துவரும் பிள்ளைகளும் உண்டு. நாங்கள் முயன்றபோது அவள் திடுக்கிட்டு விழித்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் தூங்கவே பயந்தாள். விழித்திருக்கும்போது, தெரிந்து போடுவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

போட்ட பிறகு சாப்பாடு

ரெகுலர் என்ற குறுகிய நேர இன்சுலின் போட்டால் சுமார் அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமான மருந்து என்றால் சாப்பிடுவதற்குச் சற்று முன்னால். இரண்டு வயதுப் பிள்ளை ஊசி போட்ட பிறகு தட்டைத் தள்ளிவிடும், அதுதான் நம் தலையாய பயம். வேகமான மருந்தை, எவ்வளவு சாப்பிட்டது என்று பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வழி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல தாய்மார்களுக்கு அந்த ஒரு மாற்றமே நிம்மதி கொடுத்திருக்கிறது. ராகிக் களி வேண்டாம் என்றால் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள், பாலோ வாழைப்பழமோ ஏதாவது மாவுச்சத்து உள்ளே போகட்டும்.

சர்க்கரை 70க்குக் கீழே போவது தாழ்சர்க்கரை. பேசத் தெரியாத பிள்ளை, தலை சுற்றுகிறது என்று சொல்லாது. முகம் வெளுக்கும், வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் சிணுங்கும், அல்லது விளையாட்டின் நடுவில் துவண்டு படுத்துவிடும். உடனே விரலில் குத்திப் பாருங்கள். கருவி பக்கத்தில் இல்லையென்றால் பார்க்காமலே சர்க்கரை கொடுங்கள். 10 முதல் 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 முதல் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஒரு சிறு சாப்பாடு.

வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள். இந்த நேரத்துக்கு என்றே குளுக்ககான் என்ற ஊசி இருக்கிறது. எல்லாக் கடையிலும் கிடைக்காது. வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமா, எப்படிப் போடுவது என்று வீட்டுக்கு வரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், வாந்தி நாளில் "ஒண்ணும் சாப்பிடலையே" என்று நீங்களாக இன்சுலினை நிறுத்தாதீர்கள். உடம்பு சரியில்லாதபோது சர்க்கரை பெரும்பாலும் ஏறும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டர் சொல்வார், அறவே நிறுத்துவதுதான் ஆபத்து. விடாத வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை, அசந்து கிடப்பது இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள்

சிறுகுறிஞ்சான் கொடு, பாகற்காய்ச் சாறு கொடு, ஊசியை நிறுத்திவிடலாம் என்று பத்துப் பேராவது சொல்வார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது வீடு தேடி சர்க்கரை மாத்திரை வருகிறது. அதனால் "என் மாத்திரையில பாதி குடு" என்பவர்களும் உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கிறது, அது சரியாக வேலை செய்வதில்லை அல்லது போதவில்லை. நம் பிள்ளையின் உடம்பில், இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிட்டது. மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. இனிப்புச் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை, நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது மாம்பழம் தின்றதால் வந்ததும் இல்லை.

என் மாமியாரும் (பாப்பாவின் ஆயா) முதலில் ஊசியை நிறுத்தச் சொன்னவர்தான். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள், அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்துபோனார்கள் என்று சொன்னார். ஆயா அன்றைக்குப் பேசவில்லை. மறுநாள் காலை, எப்படி எடுப்பது என்று என் பக்கத்தில் வந்து நின்றார்.

ஊசிக் குப்பையும் அடுத்த கையும்

போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் நம் விரலில் குத்தும். கழிவறை கழுவும் மருந்து வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி, "ஊசி" என்று எழுதி உயரமான இடத்தில் வைத்து, நேராக அதில் போடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடியை இறுக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டு ஒப்படையுங்கள். எருக்குழியில் மட்டும் போடாதீர்கள். எருவோடு சேர்ந்து வயலுக்குப் போய், வெறுங்காலில் நடவு செய்பவர் காலில் ஏறும்.

ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது செலவுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவை போட்டதுமே முனை மழுங்குகிறது, பிள்ளைக்கு வலி கூடுகிறது, கட்டியும் வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலினோடு ஊசியும் கேளுங்கள்.

அங்கன்வாடிக்கு அனுப்பும்போது டீச்சரிடம் ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். தாழ்சர்க்கரையின் அறிகுறி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, உங்கள் போன் எண், 108. அட்டையோடு ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ். சத்துமாவு எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, குறைந்தது மூன்று பேருக்காவது ஊசி போடத் தெரிந்திருக்கட்டும். ஒரு தாய்க்குக் காய்ச்சல் வரும், ஊருக்குப் போக வேண்டிவரும், கை நடுங்கும் நாளும் வரும். கற்றுக்கொள்பவர் முதலில் உப்புத்தண்ணீர் ஏற்றிய ஊசியால் ஆரஞ்சுப் பழத்தில் பத்து நாள் பழகட்டும், பிறகு உங்கள் பக்கத்தில் நின்று போடட்டும். எங்கள் வீட்டில் அவருக்குத் தெரியும், ஆயாவுக்குத் தெரியும். ஆயாவுக்குக் கோடு சரியாகத் தெரிவதில்லை என்பதால், பேனாவை ஒவ்வொரு "டிக்" சத்தமாக எண்ணித் திருப்பிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொல்வார். நேற்று ராத்திரி ஆயாதான் போட்டார். இடது தொடை, வெளிப்புறம், கறுப்புப் பொட்டு.